ஒரு மணி நேரம், பன்னிரண்டு வாரம்

ஆர்.கே.புரம். டெல்லியில் ஜனவரி மாத மத்தியானம். மூடுபனி இப்போதுதான் விலகியிருக்கிறது. அரசுக் குடியிருப்புகளின் மொட்டை மாடிகளில் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைகள் காய்கின்றன. மார்க்கெட் முனையில் வேர்க்கடலை வண்டி. கடலைக் குவியலின் மேல் தணல் போட்ட சிறு மண்கலயம். அதிலிருந்து புகை.

கடைகளுக்கு மேலே முதல் மாடி. கண்ணாடிக் கதவு. 'பெண்களுக்கு மட்டும்' என்று இந்தியில் ஒட்டியிருக்கிறது.

உள்ளே சுவரில் விலைப் பட்டியல். ஃப்ரூட் ஃபேஷியல். பேர்ல் ஃபேஷியல். கோல்ட் ஃபேஷியல். டயமண்ட் ஃபேஷியல். கீழே போகப் போக விலை ஏறுகிறது. கடைசி வரி பேனாவால் எழுதியது: பிம்பிள் ட்ரீட்மென்ட். அதற்கு நேரே விலை இல்லை. முகத்தைப் பார்த்த பிறகுதான் சொல்வார்கள்.

சோபாவில் அம்மாவும் மகளும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. தமிழ்ப் பள்ளியின் ஸ்வெட்டரை இன்னும் கழற்றவில்லை. முகக்கவசம் அணிந்திருக்கிறாள். அறையில் வேறு யாரும் அணிந்திருக்கவில்லை.

அவளுடைய விரல் கவசத்துக்குள் நுழைந்து தாடையைத் தடவுகிறது. அம்மா திரும்பிப் பார்க்காமலே அந்தக் கையைப் பிடித்து மடியில் வைக்கிறாள்.

"கைய வச்சிட்டே இருக்காதடி."

சற்று நேரம் போகிறது. விரல் மறுபடி மேலே போகிறது. கை மறுபடி மடிக்கு வருகிறது.

அம்மாவின் கைப்பையில் ஒரு கல்யாணப் பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள். தை மாத முகூர்த்தம், கும்பகோணம். பத்திரிகைக்குள் மடித்து வைத்த ரயில் டிக்கெட். அம்மா அதை எடுத்துத் தேதி பார்க்கிறாள். மடித்து வைக்கிறாள். திரும்ப எடுத்துப் பார்க்கிறாள்.

போன் ஒலிக்கிறது. திரையில் பெரியம்மா.

"அவ முகத்தைக் காமி. ஐயோ, இன்னும் போகலையா? ஜாதிக்காயைப் பால்ல இழைச்சுப் போடச் சொன்னேனே?"

"போட்டாச்சுக்கா."

"வேப்பிலை?"

"அதுவும்."

"கஸ்தூரி மஞ்சள்?"

"எல்லாம் போட்டாச்சு. அதான் இங்க கூட்டிட்டு வந்திருக்கேன்."

மகள் ஜன்னல் வழியே வேர்க்கடலைக்காரனைப் பார்க்கிறாள்.

*

சாய்வு நாற்காலி. தலையைச் சுற்றி எலாஸ்டிக் பட்டை. கழுத்தைச் சுற்றித் துண்டு. கவசம் அம்மாவின் கையில்.

பார்லர் தீதி அவளது தாடையைப் பிடித்து முகத்தை ட்யூப்லைட் பக்கம் திருப்புகிறாள். கட்டைவிரல் நெற்றியில் ஓடுகிறது. நெற்றியில் ரவை ரவையாகச் சிறு பருக்கள். மூக்கின் இரு பக்கமும் கரும்புள்ளிகள். கன்னத்தில் சிவந்த பருக்கள். தாடையில் ஒன்று மஞ்சளாகப் பழுத்திருக்கிறது. பழைய பருக்கள் இருந்த இடமெல்லாம் பழுப்புத் தடம்.

தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா, வெளியில் சாப்பிடுகிறாயா என்று தீதி இந்தியில் கேட்கிறாள்.

"சாக்லேட்," என்கிறாள் அம்மா.

தோலுக்கு அடியில் நடப்பது ட்யூப்லைட்டில் தெரிவதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி. பதின்பருவத்தில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் ஏறும்போது அது கூடுதலாகச் சுரக்கிறது. மயிர்க்காலின் உட்சுவரில் செத்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொள்கின்றன. வாய் அடைபடுகிறது. உள்ளே 'கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ்' என்ற பாக்டீரியா பெருகுகிறது. உடல் எதிர்க்கிறது. சிவப்பு, வீக்கம், சீழ். கண்ணாடியில் தெரிவது கடைசிக் கட்டம். முதல் அடைப்பு பல வாரங்களுக்கு முன்பே விழுந்துவிட்டது.

தீதி கிளென்சிங் மில்க்கைப் பஞ்சில் ஊற்றுகிறாள். கீழிருந்து மேலே துடைக்கிறாள். பஞ்சு சாம்பல் நிறமாகிறது. டெல்லிக் குளிர்காலத்தின் புகையும் தூசியும் அதில் இருக்கின்றன.

அடுத்து ஸ்க்ரப். கிரீமில் அரைத்த கொட்டை ஓட்டுத் தூள். விரல்கள் வட்டம் போடுகின்றன. நெற்றி, மூக்கு, கன்னம், தாடை. தாடையில் பழுத்திருந்தது உடைகிறது. பஞ்சில் சொட்டு ரத்தம். வட்டம் அடுத்த கன்னத்துக்குப் போகிறது.

அடுத்து ஆவி. இயந்திரத்தின் மூக்கிலிருந்து வெண்புகை. துளைகள் திறக்கட்டும் என்கிறாள் தீதி. அம்மா தலையாட்டுகிறாள். தோலின் துளைகளுக்குத் திறந்து மூடத் தசை கிடையாது. வெப்பம் மேற்புற எண்ணெயை இளக்குகிறது. ரத்த நாளங்களை விரிக்கிறது. பத்து நிமிடத்தில் சிவந்திருந்த இடங்கள் இன்னும் சிவக்கின்றன.

எவர்சில்வர் டம்ளரில் டெட்டால் கலந்த தண்ணீர். அதற்குள் ஒரு கம்பி. ஒரு முனையில் வளையம், மறுமுனையில் ஊசி. பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டு வந்த கம்பி அது.

மூக்கோரக் கரும்புள்ளிகளில் வளையம் அழுந்துகிறது. தீதியின் கை தேர்ந்த கை. ஒவ்வொன்றாகச் சுத்தமாக வருகின்றன. டிஷ்யூ தாளில் வரிசையாகத் துடைத்து அம்மாவிடம் நீட்டுகிறாள்.

"பாருங்க ஆன்ட்டி. எவ்வளவு அழுக்கு."

அம்மா குனிந்து பார்க்கிறாள். மகளும் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். தாளில் இருப்பது அழுக்கு அல்ல. எண்ணெயும் செத்த செல்களும். காற்றுப் பட்ட முனை கறுத்திருக்கிறது. சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கறுப்பு போகாது. இப்போது வெளியே வந்துவிட்டது. மூக்கு வழுவழுப்பாக இருக்கிறது. அடைப்பை உண்டாக்கிய சுரப்பி அங்கேயே இருக்கிறது. சில வாரங்களில் துளை மறுபடி நிரம்பும்.

கம்பி கன்னத்துக்கு வருகிறது. அங்கே வாய் திறக்காத ஒரு சிவந்த பரு. வளையம் அழுந்துகிறது. எதுவும் வரவில்லை. இன்னும் அழுத்தம். சாக்ஸுக்குள் மகளின் கால்விரல்கள் மடங்குகின்றன. கை நாற்காலிப் பிடியை இறுக்குகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள் என்கிறாள் தீதி. வெளியே வர வழியில்லாதது உள்பக்கமாக உடைகிறது. மேலே வெறும் ரத்தக்கட்டு தெரிகிறது.

அதன்பின் மசாஜ். பெரிய ஜாடி, கெட்டியான கிரீம். இருபது நிமிடம். வானொலியில் பழைய இந்திப் பாட்டு. தீதியின் பத்து விரல்களும் தாடையிலிருந்து காது வரை, புருவத்திலிருந்து நெற்றி வரை போய்ப் போய் வருகின்றன. இந்த அறைக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக மகளின் தோள்கள் தளர்கின்றன. கண் மூடுகிறது. மூச்சு நீள்கிறது. அம்மாவும் சோபாவில் கண்ணயர்கிறாள்.

பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயதுப் பெண். அவள் முகத்தில் பரு இல்லை. தோல் வறண்டிருக்கிறது. அதே ஜாடிக் கிரீம், அதே இருபது நிமிடம். எழுந்து கண்ணாடியில் பார்க்கிறாள். கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். தீதிக்குத் தனியாக ஐம்பது ரூபாய் தருகிறாள்.

கடைசியாக முல்தானி மட்டிப் பேக். கண்கள் மேல் வெள்ளரி வில்லைகள். காய்கிறது. கழுவுகிறார்கள். தீதி தன் கட்டைவிரல் மூட்டுகளை அமுக்கிவிட்டுக்கொள்கிறாள். இன்று இது அவளுக்கு நான்காவது முகம்.

கண்ணாடி. முகம் பளபளக்கிறது. அம்மா மொபைலில் படம் எடுத்துப் பெரியம்மாவுக்கு அனுப்புகிறாள். கட்டைவிரல் உயர்த்திய பதில் உடனே வருகிறது.

தீதி ஒரு அட்டை தருகிறாள். ஆறு கட்டங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. முதல் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறது.

*

கும்பகோணம். கல்யாண மண்டபம். வாழைமரம், ஜெனரேட்டர் சத்தம். அத்தைகளும் சித்திகளும் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். ஒவ்வொருவரும் அவளது தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

"டெல்லித் தண்ணி ஒத்துக்கலையோ?"

"பரவாயில்லையே, முன்னைக்கு இப்ப தேவலாம்."

"கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்."

ஃபோட்டோகிராபர் கூட்டத்தை வரிசைப்படுத்துகிறார். அவள் பின்வரிசையில், உயரமான மாமாவின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள்.

*

பிப்ரவரி. ஆர்.கே.புரம். படிப்பு மேசையில் தேர்வுக்கான வேதியியல் புத்தகம். புத்தகத்தின் மேல் சிறு கைக்கண்ணாடி.

தாடை எலும்பை ஒட்டி இரு பக்கமும் கட்டிகள். முனை இல்லை. ஆழத்தில் இருக்கின்றன. தொட்டால் வலிக்கின்றன. தலையணையில் கன்னம் வைக்க முடிவதில்லை. மல்லாந்து படுக்கிறாள்.

ரிங் ரோட்டில் கிழக்கே சில கிலோமீட்டர் போனால் எய்ம்ஸ் மருத்துவமனை. அங்கே தோல் மருத்துவராக இருந்த நீனா கன்னாவும் உடன் ஆய்வாளரும் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பியூட்டி பார்லரில் ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களைப் பற்றியது அது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஃபேஷியலுக்குப் பின் பரு போன்ற கட்டிகள் வந்திருந்தன. மறுநாள் வரவில்லை, 3 முதல் 10 வாரம் கழித்து வந்தன. பெரும்பாலும் கன்னத்தில், தாடை ஓரத்தில். ஆழமான கட்டிகள், கரும்புள்ளி குறைவு. அதற்கு முன்பே, 1972இல், அமெரிக்காவில் ஆல்பர்ட் கிளிக்மனும் ஓட்டோ மில்ஸும் முகப்பூச்சுகளால் வரும் பருக்களைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

பல வாரம் கழித்து வரும் கட்டியை யாரும் அந்த ஒரு மணி நேரத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அட்டையில் இரண்டாவது கட்டத்துக்கும் டிக் விழுந்திருக்கிறது.

மருந்துக் கடை. சீட்டு இல்லை. கடைக்காரர் முகத்தை ஒரு தடவை பார்க்கிறார். சிறு ட்யூப் ஒன்றை எடுத்து வைக்கிறார். மூன்று நாளில் சிவப்பு அடங்குகிறது. அம்மா சாமி படத்துக்கு முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். மூன்றாவது வாரம் நெற்றி முழுக்க ஒரே அளவில் சின்னச் சின்னதாக வெடிக்கிறது. வெயில் பட்டால் எரிகிறது.

ட்யூபில் இருந்தது ஸ்டீராய்டு. நாடு முழுவதும் 12 தோல் மருத்துவ மையங்களில், முகக் கோளாறுகளோடு வந்த 2,926 பேரைப் பார்த்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசி வந்தவர்கள். அவர்களிடம் அதிகம் காணப்பட்ட பக்க விளைவு, பரு.

*

மார்ச். தெருவோர முள்ளிலவு மரங்களில் இலை இல்லை. சிவப்புப் பூ மட்டும். நடைபாதையில் விழுந்த பூக்களை ஆட்டோச் சக்கரங்கள் நசுக்குகின்றன.

சப்தர்ஜங் மருத்துவமனை. தோல் நோய்ப் பிரிவு. மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் (சி.ஜி.எச்.எஸ்.) பரிந்துரைச் சீட்டு அம்மாவின் கையில். பெஞ்சில் இடம் இல்லை. சுவரோரம் நிற்கிறார்கள். முன்னால் நிற்கும் பையனின் முதுகெல்லாம் பரு. பனியன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவனுக்கும் முன்னால் துப்பட்டாவால் முகத்தை மறைத்த ஒருத்தி. வரிசை ஒரு அடி நகர்கிறது. எல்லோரும் ஒரு அடி நகர்கிறார்கள்.

மேசைக்குப் பின்னால் டாக்டர். இளம் பெண். சானிட்டைசரைக் கையில் தேய்த்துக்கொள்கிறார்.

"மாஸ்க்கை எடுக்கலாமா?" என்று மகளிடம் கேட்கிறார்.

மகள் அம்மாவைப் பார்க்கிறாள். பிறகு தானே கழற்றுகிறாள்.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? அம்மா வாயெடுக்கிறாள். டாக்டரின் கண் மகளின் முகத்தை விட்டு நகரவில்லை. மகள் பதில் சொல்கிறாள். தாடையில், மார்பில் முடி வளர்கிறதா? தலைக்கு என்ன எண்ணெய்? ராத்திரி தடவிக்கொண்டு படுக்கிறாயா? இதுவரை முகத்தில் என்னவெல்லாம் போட்டாய்?

அம்மா பையைத் திறக்கிறாள். ஒவ்வொன்றாக மேசைக்கு வருகின்றன. ஸ்க்ரப். பார்லரில் வாங்கிய நைட் கிரீம். கஸ்தூரி மஞ்சள் டப்பா. சந்தன வில்லை. மருந்துக் கடை ட்யூப். பார்லர் அட்டை.

டாக்டர் எல்லாவற்றையும் இடப்பக்கம் தள்ளுகிறார். ட்யூபை மட்டும் எடுத்துப் பின்புற எழுத்தைப் படிக்கிறார். அம்மாவிடம் காட்டி ஒரு சொல்லின் கீழ் நகத்தால் கோடு போடுகிறார்.

வலப்பக்கம் காலியாக இருக்கிறது. அங்கே ஒரு சீட்டு வருகிறது. ராத்திரிக்கு ஒரு ஜெல்: அடாபலீன் 0.1 சதம், பென்சாயில் பெராக்சைடு 2.5 சதம் சேர்ந்தது. பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க. பருவின் மேல் மட்டும் வைத்தால் போதாது. அடைப்பு விழப்போகும் இடம் கண்ணுக்குத் தெரியாது. கட்டிகளுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம். சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. விழுங்கியதும் படுக்கக் கூடாது. காலையில் எண்ணெய் இல்லாத சன்ஸ்க்ரீன். சோப்புக்குப் பதில் மென்மையான கிளென்சர், நாளைக்கு இரண்டு தடவை, அவ்வளவுதான்.

"எப்ப டாக்டர் போகும்?" என்கிறாள் அம்மா.

டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் நீளமாக ஒரு கோடு இழுக்கிறார். அதில் பன்னிரண்டு குறுக்குக் கோடுகள். இரண்டாவது, மூன்றாவது கோட்டின் மேல் 'வறட்சி, கூடலாம்' என்று எழுதுகிறார். எட்டாவதில் 'குறையும்'. பன்னிரண்டாவதில் 'வாருங்கள்'. மொபைலில் முகத்தின் மூன்று பக்கமும் படம் எடுக்கச் சொல்கிறார். இன்றைய தேதியோடு வைத்திருக்கச் சொல்கிறார்.

"ஃபேஷியல்?"

"சிவந்திருக்கும்போது மசாஜ் வேண்டாம். ஸ்க்ரப் வேண்டாம். ஆவி வேண்டாம். அடங்கின பிறகு பார்லர்ல முகத்தை மென்மையா சுத்தம் மட்டும் செஞ்சுக்கலாம். அது மருந்துக்குப் பதில் ஆகாது."

எதிர் அறையின் கதவு பாதி திறந்திருக்கிறது. அங்கேயும் ஒரு பெண் சாய்ந்து படுத்திருக்கிறாள். அங்கேயும் தலையைச் சுற்றிப் பட்டை. கையுறை அணிந்த ஒருவர் தூரிகையால் சாலிசிலிக் அமிலம் பூசுகிறார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சில நிமிடம். வெண்படலம் படிகிறது. துடைக்கிறார்கள். கரும்புள்ளி எடுக்கப் பிரித்த ஊசி புதியது. எடுத்ததும் சிவப்பு வாளிக்குப் பக்கத்தில் உள்ள ஊசிப் பெட்டிக்குள் விழுகிறது. இந்தப் பெண் பல வாரமாக இரவில் ஜெல் பூசி வருபவள். அடைப்புகள் இளகியிருக்கின்றன. அதிகம் அழுத்த வேண்டியிருக்கவில்லை.

*

வாரங்கள்.

முதல் வாரம். நீலத் தலையணை உறையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அம்மா சோப்பை மாற்றுகிறாள். திட்டு போகவில்லை. பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கும். அதன்பின் வெள்ளை உறைதான்.

மூன்றாவது வாரம். உதட்டோரம் தோல் உரிகிறது. நெற்றியில் புதிதாக நாலைந்து. அம்மா ஜெல்லைக் கையில் எடுத்துப் பார்க்கிறாள். "இது நமக்கு ஒத்துக்கல போலிருக்கு." மகள் சீட்டைத் திருப்பி மூன்றாவது கோட்டைக் காட்டுகிறாள்.

பங்குனி உத்திரம். மலை மந்திர் முருகன் கோயில் படிகளில் காவடிகள். தெரிந்த மாமி ஒருத்தி கூட்டத்தில் நிறுத்துகிறாள். "என்னடி இது, போன தடவையைவிட ஜாஸ்தியா இருக்கே?" அம்மா மகளின் தோளில் கை வைத்து அடுத்த படிக்கு நகர்த்துகிறாள்.

பார்லரிலிருந்து குறுஞ்செய்தி. மூன்றாவது சிட்டிங்குக்கு நாள் ஆகிவிட்டது. அம்மா படிக்கிறாள். போனைக் கவிழ்த்து வைக்கிறாள்.

ஆறாவது வாரம். புதிய கட்டி வரவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. வராததைக் கவனிப்பது கடினம். தலையணையில் கன்னம் வைத்து அவள் தூங்குகிறாள்.

ஒன்பதாவது வாரம். ஹிந்தித் தொடர் ஓடுகிறது. மகளின் கை தாடைக்குப் போகிறது. அம்மாவின் கை பழக்கத்தில் நீள்கிறது. மகள் கன்னத்துக்குக் கை கொடுத்துச் சும்மா சாய்ந்திருக்கிறாள். நீண்ட கை முறத்துக்குத் திரும்பி அரிசியில் கல் பொறுக்குகிறது.

*

ஜூன். லூ என்னும் அனல் காற்று. மருத்துவமனை வரிசையில் எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில்.

டாக்டர் மார்ச் மாதப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். தாடைக் கட்டிகள் அமுங்கிவிட்டன. நெற்றியில் இரண்டு மூன்று சிறு பருக்கள். பழுப்புத் தடங்கள் நிறைய. அவை தழும்பு அல்ல. வீக்கம் இருந்த இடத்தில் தோல் விட்டுச்சென்ற நிறம். நம் தோலில் அது மறைய மாதங்கள் ஆகும். வெயில் பட்டால் இன்னும் நாளாகும். கன்னத்தில் ஒரே ஒரு குழி. ஜனவரியில் கம்பி அழுந்திய இடம். டாக்டர் அதை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்கிறார். குறிப்பில் எழுதிக்கொள்கிறார்.

மாத்திரை நிற்கிறது. ஜெல் தொடர்கிறது. சன்ஸ்க்ரீன் தொடர்கிறது. நின்றால் திரும்ப வரும் என்கிறார் டாக்டர். சீட்டின் பின்பக்கத்தில் இன்னொரு கோடு.

வெளியே வேப்பமர நிழல். ஆட்டோவுக்காக நிற்கிறார்கள். போன் ஒலிக்கிறது. திரையில் பெரியம்மா.

"காமி, காமி. அட! எந்த பார்லர்டி அது? நம்ம சின்னவளுக்கும் இப்ப முகமெல்லாம் வர ஆரம்பிச்சிருக்கு. இங்க ஒருத்தி ஃபேஷியல் நல்லாப் பண்றாளாம்."

அம்மா பதில் சொல்ல வாய் திறக்கிறாள். மகள் போனை வாங்கிக்கொள்கிறாள். கையில் முகக்கவசம் இல்லை.

"பார்லர் இல்ல பெரியம்மா. அவள இப்ப ஃபேஷியலுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. கடையில கேட்டு ட்யூபும் வாங்காதீங்க. தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. ராத்திரி ஒரு மருந்து தருவாங்க, பட்டாணி அளவு. மூணாவது வாரம் ஜாஸ்தியான மாதிரி இருக்கும். விட்டுடக் கூடாது. போனை அவகிட்ட குடுங்க, நானே சொல்றேன்."

ஆட்டோ வந்து நிற்கிறது. மீட்டர் போடவா என்கிறான் ஓட்டுநர். அம்மா ஏறி உட்கார்ந்து, ஒரு நிமிடம் என்று கை காட்டுகிறாள்.